பெரிய வெள்ளித் தண்ணீர் முறை

சேசு மரி சூசை துணை

சங்ககிரி
6-4-1958, பாஸ்கு ஞாயிறு

அன்பும் அறிவும் கறுப்புக் கோட்டும் ஒருங்கே வாய்த்த மருமகன் வக்கீல் உபகாரசாமிக்கு மாமன் செபஸ்தியான் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ஆரோக்கியமும் மாடு கன்றுகளும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், என் அக்காளாகிய உன் அம்மாவின் முழங்கால் வலிக்கும் பதில் போடவும்.

நான் எழுதப்போகும் கதையை நீ நம்பப்போவதில்லை. இதை மட்டும் சத்தியம் செய்து சொல்கிறேன். சேலம் ஜில்லாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கோயமுத்தூர் ஜில்லாவில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமானால் நம்புவார்கள்.

பெரிய வெள்ளியன்று விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நம் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் ஏழு கொள்ளைக்காரர்கள் புகுந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் நிலைப்படியில் குனிந்தும் தலை இடித்தது. தலைவனின் மீசையில் காக்கை கூடு கட்டியிருந்தது. மற்ற மனிதர்களாயிருந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்திருப்பார்கள். உன் மாமன் யார்? கடலைக் காட்டில் புகும் பன்றிகளுக்காகச் சர்க்கார் லைசென்சு கொடுத்த துப்பாக்கியை எடுத்தேன். அது வெடித்த வெடியில் மலைக்கோட்டையிலிருந்து ஒரு கல் புரண்டது. பள்ளிபாளையத்தில் காவிரி ஒரு கணம் நின்று, என்ன சத்தம் என்று யோசித்துவிட்டு, ஈரோட்டுக் கரையோரமாக ஒதுங்கி ஓடிற்று.

ஆறு பேர் பறந்தார்கள். ஒருவன் வேலிப்படலுக்கு அப்பால் விழுந்தான். அவனைக் காலில் காயத்தோடு லாரியில் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. நீ ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு எழுது. போகும்போது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போ. திருடனுக்கு ஆரஞ்சு எதற்கு என்று கேட்காதே. நம் குடும்பத்துப் பெருந்தன்மை அப்படிப்பட்டது.

உன் பிரிய மாமன்,
செபஸ்தியான்

---

சேலம்
9-4-1958

மரியாதைக்குரிய மாமாவுக்கு உபகாரசாமி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது காக்கைக் கூட்டில் ஆரம்பித்த சிரிப்பு காவிரி வரைக்கும் ஓயவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா, கட்டிலில் படுத்திருப்பவர் சென்றாயன். உங்கள் கிணற்றில் பாதிப் பங்குக்காரர், அடுத்த காட்டில் வெள்ளாமை செய்கிறவர். நான் லீவுக்கு வந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் நீச்சல் பழக்கியவர். ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, "அண்ணன் சாப்புடறாருங்களா?" என்று முதலில் கேட்டார். எப்படி நடந்தது என்றேன். "அண்ணனையே கேளுங்க வக்கீலு. அவரு சொன்னாத்தான் கதை நல்லா இருக்கும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரிடம் பேசினேன். ரவைகள் எல்லாம் கெண்டைக்காலின் பின்பக்கம் பாய்ந்திருக்கின்றன. இடது கணுக்கால் எலும்பு நொறுங்கியிருக்கிறது. இனி நேராக நடப்பது கஷ்டம் என்கிறார்.

சட்டத்தை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். வீடு புகுந்தவனால் உயிருக்கு ஆபத்து என்று நிஜமாகவே பயந்தால் ஆயுதம் எடுக்கலாம், சுடவும் சுடலாம். ஆனால் ஆபத்து எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அந்த உரிமை. வந்தவன் முதுகைக் காட்டி வெளியே போய்விட்டால் ஆபத்தும் அவனோடு போய்விடுகிறது. பொருளோடு ஓடுகிறவனைத் துரத்தலாம், பிடிக்கலாம், கட்டிப்போடலாம். காலை உடைக்கக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் ஸ்டேஷனுக்குப் போனதும் வழக்கு உங்கள்மேல்தான் வரும்.

நீங்கள் எங்கே நின்றீர்கள், அவர் எங்கே நின்றார், அவர் முகம் எந்தப் பக்கம் இருந்தது? இதை மட்டும் எழுதுங்கள். காக்கை வேண்டாம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
உபகாரசாமி

---

சங்ககிரி
15-4-1958

மருமகன் உபகாரசாமிக்கு மாமன் எழுதுவது. யாவரும் சுகம். வெயில் இந்த வருஷம் எப்படியென்றால், கோழி அவித்த முட்டையே இடுகிறது. பஸ் டிரைவரிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதி உங்களுக்கு, பாதி ஆஸ்பத்திரிக்கு.

ஏழு பேர் என்று எழுதியது அவசரக் கணக்கு. நிதானமாக யோசித்தால் மூன்று பேர்தான். ஸ்டேஷனில் ஐந்து என்று சொன்னதாக ஞாபகம். எல்லாம் இருட்டு செய்த வேலை. அந்த இருட்டில் என் மூக்கை நானே தடவித்தான் கண்டுபிடித்தேன்.

சென்றாயன் அந்தக் கூட்டத்தின் நடுவில் எப்படி வந்தான் என்பது ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம். ஒருவன் அரிவாளோடு என்னை நோக்கித் திரும்பினான். அது சென்றாயனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முகம் எந்தப் பக்கம் என்கிறாய். முகம் முகமிருக்கிற பக்கம்தான் இருந்தது.

மாம்பழத்தை வைக்கோலில் வைக்கச் சொல்.

மாமன்,
செபஸ்தியான்

---

சேலம்
24-4-1958

மாமாவுக்கு வணக்கம். மாம்பழம் வந்தது. சென்றாயன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, "இது கிணத்துமேட்டு மரத்துதுங்க" என்றார்.

போலீஸ் வழக்குப் போட்டு நீங்கள் ஜாமீனுக்கு வந்த அன்று உங்களிடம் தனியாகப் பேச ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. நீங்கள் கோர்ட் வராந்தாவில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்குக் கொள்ளைக்கூட்டத் தலைவனின் மீசையை அளந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் சிரித்தார்கள். சிரித்துக் கேட்டதையெல்லாம் சாட்சி சொல்லவும் அவர்களால் முடியும்.

எனக்கு ஏழு, ஸ்டேஷனுக்கு ஐந்து, பிறகு மூன்று. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். இருட்டு என்கிறீர்கள். பெரிய வெள்ளி பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்பது கோயிலுக்குப் போகிற குழந்தைக்கும் தெரியும். அன்று விடியும்வரை மேற்கே முழு நிலா. மூக்கைத் தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. படலுக்கு வெளியே தண்ணீர் இறைக்கும் கிணற்றுப் பறியும் வடக்கயிறும் கிடந்ததாக ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். பாதிக் கிணறு சொந்தமுள்ள மனிதர் அந்தக் கயிற்றை ஏன் தூக்கிக்கொண்டு போனார்?

உங்களைக் குற்றவாளியாக்க நான் கேட்கவில்லை, மாமா. உங்களைக் காப்பாற்ற எனக்கு உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

உபகாரசாமி

---

சங்ககிரி
4-5-1958, ஞாயிறு

தம்பி உபகாரசாமிக்கு அத்தை ஆரோக்கியம் எழுதறது. அண்ணிக்கு முழங்காலுக்கு நொச்சித்தழை வச்சுக் கட்டச் சொல்லு. எனக்கு எழுத்து கோணலா வரும், பொறுத்துக்க சாமி. உங்க மாமன் பூசைக்குப் போயிருக்காரு. போறாரே ஒழிய உள்ள போறதில்ல, வெளிய வேப்பமரத்தடியில உக்காந்துட்டு வந்துர்றாரு. சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்ற பாஸ்கு பாவசங்கீர்த்தனமும் இன்னும் பண்ணல.

பெரிய வெள்ளியன்னிக்கு நாம தண்ணி எறைக்க மாடு பூட்டறதில்ல, உனக்குத் தெரியும். அன்னிக்கு நம்ம தண்ணி முறை வந்தா சென்றாயன் எடுத்துக்குவான். மாரியாயி நோம்பிக்கு அவன் முறைய நாம எடுத்துக்குவோம். இது உங்க மாமனும் அவனும் கிணறு வெட்டின நாள்லேருந்து இருக்கற வழக்கம். இந்த வருசமும் குருத்து ஞாயிறன்னிக்கு மாமனே படலுக்கிட்ட நின்னு, "வெள்ளிக்கிழமை நீயே ஓட்டிக்கடா சென்றாயா"ன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பறம் ஒரு வாரமா ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்து இருந்து சுத்தமா மறந்துட்டாரு.

அக்கம்பக்கத்துக் காட்டுல பறியும் கயிறும் களவு போச்சுன்னு நம்மளுதை ஆசாரத்துல மாட்டி வச்சிருந்தோம். சென்றாயன் எப்பவும் கிணத்து மேட்டுலேருந்தே பாடிக்கிட்டு வருவான். நேரா ஊட்டுக்குள்ள வந்து கயித்தை எடுத்துக்கிட்டு, மாமனை ரெண்டு கிண்டல் பண்ணிட்டுப் போவான். அன்னிக்குப் பாட்டு இல்ல. ஏன்டான்னு அத்தாயிகிட்டச் சொல்லி ஆஸ்பத்திரில கேக்கச் சொன்னேன். அத்தாயி அவன் பொஞ்சாதிதான். "பெரிய வெள்ளியன்னிக்கு அவங்க ஊட்டுல சாமி செத்த துக்கம், சத்தம் போட்டா அண்ணனுக்கு மனசு நோகும்னுதான் வாயத் தொறக்காம போனேன்"னு சொன்னானாம்.

ஏழு பேரும் இல்ல, மூணு பேரும் இல்ல சாமி. வந்தது அவன் ஒருத்தன்தான்.

மாமன் இப்பக் கிணத்துப் பக்கமே போறதில்ல. நான் எழுதினதைச் சொல்லிறாத.

ஆரோக்கியம்

---

சேலம்
14-5-1958

மாமாவுக்கு வணக்கம். அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். அம்மா நொச்சித்தழை கட்டுகிறார்கள்.

அன்று சென்றாயன் கயிற்றுக்கு வந்தது முறைப்படிதான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டாம். மறந்துபோய்த் திருடன் என்று நினைத்தீர்கள் என்பதையும் நம்புகிறேன். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. நல்லெண்ணத்தோடு தவறாகப் பயந்தவனும் பயந்தவன்தான். இடமில்லாதது முதுகுக்கு. அவர் படல் தாண்டிய பிறகு எந்தப் பயம் பாக்கியிருந்தது என்று நீதிபதி கேட்பார். எலும்பு முறிந்திருப்பதால் ராஜி பேசி முடிக்கவும் வழியில்லை.

ஆனால் ஒரு வழியைச் சென்றாயனே சொல்கிறார். அரிவாள் எப்போதும் அவர் இடுப்பில் இருப்பதுதான். "கயித்தைத் திருட வந்தேன், அண்ணன் அதட்டினாரு, அருவாளை ஓங்கிக்கிட்டுத் திரும்பினேன், சுட்டாரு, சுழண்டு விழுந்தேன்னு கோர்ட்டுல சொல்லிப்போடறேனுங்க" என்கிறார். அப்படிச் சொன்னால் மாமாவுக்கு விடுதலை, அவருக்குப் பதில் திருட்டு வழக்கில் நீங்கள் நிற்பீர்கள், ஊர் இருக்கிறவரை பேரும் அதுதான் என்று அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "நான் சின்னவன், தாங்கிக்குவேன். அண்ணனுக்கு ஜெயில் களி செரிக்காதுங்க. அவரு இல்லாம அந்தக் கிணத்துல ஆரு பேச்சைக் கேட்டுக்கிட்டு நான் மாடு பூட்டிக் கவலை ஓட்டறது?"

கேஸ் ஜெயித்தாகிவிட்டது என்று என் சீனியர் பேனாவை மூடிவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சென்றாயன் திருடனா, இல்லையா? இதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். எழுதுங்கள்.

உபகாரசாமி

---

சேலம்
30-6-1958

மாமாவுக்கு வணக்கம். ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. இரண்டு கார்டு போட்டேன். பஸ் டிரைவரைக் கேட்டால், "பெரியவரு இப்பல்லாம் ரோட்டுப் பக்கமே வர்றதில்லீங்க" என்கிறார். அம்மா தினமும் உங்கள் பேருக்கு ஒரு ஜெபமாலை சொல்கிறார்கள்.

சென்றாயனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறார். ஜூலை இருபத்து மூன்றாம் தேதி விசாரணை. அதற்குள் அவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்துக்காவது பதில் போடுங்கள். காக்கையோடு வந்தாலும் பரவாயில்லை.

உபகாரசாமி

---

சங்ககிரி
8-7-1958

உபகாரசாமிக்கு மாமன் எழுதுவது. சுகம்.

நீ கேட்ட மூன்றையும் சொல்கிறேன். நான் வாசல் களத்தில் நின்றேன். அவன் படலைத் தாண்டி நாலைந்து எட்டு போயிருந்தான். முகம் கிணற்றுப் பக்கம் இருந்தது. நிலா நன்றாக இருந்தது. தோளில் கயிறு தெரிந்தது.

ஆசாரத்தில் சத்தம் கேட்டு எழுந்தபோது பயம் இருந்தது. வெளியே வந்து முதுகைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சுட்டேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை, நீதிபதி கேட்பார் என்கிறாய். இருபது வருஷமாகச் சந்தையில் சொல்லிவந்திருக்கிறேன், என் வீட்டில் ஒருவன் கால் வைத்தால் உயிரோடு போகமாட்டான் என்று. எத்தனையோ தரம், எத்தனையோ பேருக்கு. அன்று துப்பாக்கி மருந்து கெட்டித்துக் கையில் இருந்தது. ஆள் போய்க்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சந்தையில் என்ன சொல்வது? அதைத்தான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. என்னைக் காத்துக்கொள்ளச் சுட்டேன் என்றால் அது பொய். என் பேச்சைக் காத்துக்கொள்ளச் சுட்டேன்.

விழுந்த பிறகுதான் குரல் வந்தது. "அண்ணா, நானுங்க. இன்னிக்கு முறை எனக்குத்தானுங்களே" என்றான்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். என்ன செபஸ்தியான் என்றார்கள். கொள்ளைக்காரர்கள் என்றேன். எத்தனை பேர் என்றார்கள். அவன் என் காலடியில் கிடக்கிறான், நான் ஏழு என்கிறேன். அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் மறுக்கவில்லை என்று நீ எழுதியபோது இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை.

சென்றாயன் திருடன் இல்லை. அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து கோர்ட்டில் வரக்கூடாது. நான் சொல்லிவிடுகிறேன். களி செரிக்கும்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணினேன்.

செபஸ்தியான்

---

சேலம்
12-7-1958

என் பிரியமுள்ள மாமாவுக்கு உபகாரசாமி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அம்மாவே எடுத்து வாசித்துவிட்டார்கள். "சின்னப் புள்ளையில மரத்துலேருந்து விழுந்துட்டு வானத்துலேருந்து விழுந்தேன்னு சொன்னவன். இன்னிக்குத்தான் மரம்னு சொல்றான்" என்றார்கள். பிறகு பெட்டியைத் திறந்து உங்களுக்குக் கம்பளிப் போர்வை தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயிலில் மார்கழிக் குளிர் அதிகமாம்.

சீனியருக்குக் கோபம். ஜெயித்த கேஸைக் குப்பையில் போடுகிறாய் என்றார். அவருடைய மற்ற வழக்குக் கட்டுகளை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நான்தான் உங்களுக்காக நிற்பேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதுதான் இனி என் வேலை. சென்றாயனைக் கூட்டிவந்து நிறுத்துவேன். உங்கள்மேல் அவருக்கு வருத்தமில்லை என்பதை அவர் வாயால் சொல்லட்டும். அது உண்மை, அதைச் சொல்லலாம். ஆனாலும் தண்டனை உண்டு, மாமா. அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்லமாட்டேன்.

நீதிபதி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கோர்ட்டில் காவிரியை நிறுத்த வேண்டாம்.

உங்கள்,
உபகாரசாமி

---

சேசு மரி சூசை துணை

சேலம் ஜெயில்
23-11-1958

வாதத்தில் சிங்கமும் வரும்படியில் பூனையுமாகிய மருமகனுக்கு, சர்க்கார் விருந்தாளி செபஸ்தியான் எழுதுவது. நான் சுகம். உன் அம்மா கொடுத்த கம்பளிக்குள் எவ்வளவு சுகமென்றால், போன வாரம் வார்டர் என்னைத் தேடி இரண்டு பேரைக் கூட்டிவந்துதான் கண்டுபிடித்தார். நீ மாதம் தவறாமல் வருகிறாய், சந்தோஷம். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் கடிகாரம். கதைக்கு அங்கே இடம் ஏது? அதனால்தான் இந்தக் காகிதம்.

கோர்ட்டில் நான் சொன்னது மொத்தம் இரண்டு வரி. அதற்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். என் எல்லாக் கதையையும் சொல்லியிருந்தால் என் பேரன் காலத்தில்தான் வெளியே வந்திருப்பேன். ஆனாலும் ஒன்று, அந்த இரண்டு வரியைச் சொல்லி முடித்ததும் எனக்குப் பசித்தது. ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசி என்று ஒன்று எடுத்தது.

களி விஷயத்தில் சென்றாயனுக்கு என்னைப் பற்றிய அபிப்பிராயம் தப்பு. இங்கே இரண்டாம் உருண்டை கேட்கிறவன் நான் ஒருவன்தான்.

போன ஞாயிறு அவன் வந்திருந்தான். வந்த வைபவத்தைக் கேள். பட்டத்து யானைமேல் வந்தான், முன்னால் நாயனம், பின்னால் அத்தாயி கையில் முறுக்குச் சட்டி. அவன் கட்டையை ஊன்றின இடத்திலெல்லாம் ஊற்றுப் பொங்கி, ஜெயில் தோட்டத்துக்கு இனி மூன்று வருஷம் தண்ணீர்ப் பஞ்சமில்லை. நம் கிணற்றில் தண்ணீர் மேட்டுக்கு ஏறி, பள்ளிபாளையத்திலிருந்து பரிசல்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்களாம். என் முறையன்றைக்கு மாடுகள் தாமே நுகத்தில் தலையைக் கொடுத்து, தாமே கவலை ஓட்டி, மாலையில் உன் அத்தையிடம் கணக்குச் சொல்கின்றனவாம். கடலைக் காய் ஒவ்வொன்றும் உரல் பெரிது. உடைக்கக் கொல்லனைக் கூப்பிட்டிருக்கிறதாம். இதையெல்லாம் அவன் சொல்ல நான் கேட்கவில்லை. நான் சொல்ல அவன் கேட்டுக்கொண்டு, "அப்பறமுங்ணா, அப்பறமுங்ணா" என்று கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

உன் அத்தையும் கூட வந்திருந்தாள். அவன் அந்தப் பக்கம் நகர்ந்தபோது ஒன்று சொன்னாள். இப்போது அவன் பட்டப்பகலில் கயிற்றுக்கு வந்தாலும் படலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, நானுங்க, சென்றாயனுங்க, கயித்துக்கு வந்தேனுங்க" என்று கூப்பிடுகிறானாம். அவள் வெளியே வந்து முகம் காட்டுகிறவரை உள்ளே கால் வைப்பதில்லையாம். துப்பாக்கியைச் சர்க்கார் கொண்டுபோய்விட்டது, மாமனும் வீட்டில் இல்லை, இன்னும் எதற்குடா கூப்பிடுகிறாய் என்று அவள் கேட்டாளாம். "கூப்புட்டுப் பழகிருச்சுங்க்கா" என்றானாம்.

தை பிறந்ததும் வந்துவிடுவேன். உன் அம்மாவின் இரண்டு முழங்கால்களுக்கும் தனித்தனியே என் ஆசீர்வாதம்.

உன் மாமன்,
செபஸ்தியான்

பின்குறிப்பு: சென்றாயன் வந்ததைப் பற்றி எழுதியதில் யானை, நாயனம், ஊற்று, பரிசல், மாடு சொன்ன கணக்கு எல்லாம் என் கைச்சரக்கு. முறுக்கும் இல்லை, பொரிகடலைதான். படலுக்கு வெளியே நின்று கூப்பிடுவது மட்டும் நிஜம்.